ஆனையும் அணையும்

2018 ஆகஸ்ட் நடுவில், கேரளம் வெள்ளக்காடாகக் கிடந்த நாட்களில், மலையாளத்தில் ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் புறப்பட்டது. முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிட்டது. பிரதமர் அலுவலகத்தில் இருக்கும் நண்பர் சொன்னார். இன்னும் சில மணி நேரம்தான். தப்பிக்கிற வழியைப் பாருங்கள். பேசியவர் யார் என்று கேட்டவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதை அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தார்: அண்ணன், சித்தப்பா, கூடப் படித்தவர். அரசு மறுத்தது, போலீஸ் எச்சரித்தது. கடைசியில் பாலக்காடு மாவட்டம் நென்மாராவைச் சேர்ந்த ஓர் இளைஞரைக் கைது செய்தார்கள்.

நென்மாராவிலிருந்து அணை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நடுவே ஆனைமலையும் மூணாறு மலைகளும் நிற்கின்றன. நென்மாராவில் பெய்யும் மழை காயத்ரிப்புழையில் இறங்கிப் பாரதப்புழையில் சேரும். முல்லைப் பெரியாற்றின் உபரிநீரோ வண்டிப்பெரியாறு, உப்புத்தரை வழியே இடுக்கி நீர்த்தேக்கத்துக்குப் போகும். அணையே உடைந்தாலும் நென்மாராவுக்கு அதிலிருந்து ஒரு சொட்டு வர வழியில்லை. அந்த இளைஞர் ஏன் அப்படிப் பேசினார் என்பதைப் போலீசும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளட்டும். இத்தனை பேர் ஏன் அதைக் கேட்ட மாத்திரத்தில் நம்பினார்கள், நம்பியதோடு நிற்காமல் ஏன் அடுத்தவருக்கும் அனுப்பினார்கள் என்பது அறிவியலின் கேள்வி. அதற்கு ஒரு நல்ல பதில் இந்தியாவில்தான், இணையம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, கிடைத்திருக்கிறது.

1934 ஜனவரி 15 அன்று பீகாரை ஒரு பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதன்பின் கிளம்பிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரித்து, 1935-ல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் எழுதினார். அதிர்வை உணர்ந்தும் பெரிய சேதத்தைக் கண்ணால் காணாத மக்களிடையே பரவிய பேச்சுகள் அவை. ஆறுதலான பேச்சு அவற்றில் அரிது. ஜனவரி 23 பெருநாசத்தின் நாள். சந்திர கிரகணத்தன்று இதைவிடப் பெரிய நிலநடுக்கம் வரும். பாட்னாவைப் புயல் தாக்கும். ஏற்கனவே பயந்துபோயிருக்கும் மனிதர்கள் இன்னும் பயமுறுத்தும் கதைகளை ஏன் தேடிப் போகிறார்கள்?

அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரை இந்தக் கேள்விதான் பிடித்து இழுத்தது. 1957-ல் அவர் எழுதிய புகழ்பெற்ற நூலின் வித்துகளில் ஒன்று பிரசாத்தின் ஆய்வு. அவர் கண்ட விடை இது: வீடு இடியவில்லை, யாரும் சாகவில்லை, ஆனாலும் உடம்பு நடுங்குகிறது. பயம் இருக்கிறது, அதற்குத் தகுந்த காரணம் கண்ணெதிரே இல்லை. இந்தப் பொருந்தாமையை மனம் தாங்காது. அப்போது வருகிற வதந்தி, இருக்கிற பயத்துக்கு ஒரு நியாயம் தேடிக் கொடுக்கிறது. கதை பயத்தை உண்டாக்குகிறது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் பயம் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டு கதைக்காகக் காத்திருக்கிறது. இதன் மறுபக்கத்துக்கும் சான்று இந்தியாவிலிருந்தே கிடைத்தது. 1950-ல் டார்ஜிலிங்கில் மலை சரிந்து ஊர்கள் சிதைந்தபோது அங்கே இருந்தவர்களின் பேச்சைத் துர்கானந்த் சின்ஹா ஆராய்ந்தார். அங்கே மிகைப்படுத்தல் அவ்வளவாக இல்லை. இடிந்த வீட்டின் முன்னால் நிற்பவனுக்குத் தன் பயத்துக்குக் காரணம் கற்பிக்க வேண்டிய அவசியம் கிடையாது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முல்லைப் பெரியாற்றின் வரலாற்றைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது. அதே ஆண்டு முல்லைப் பெரியாறு பற்றிய அச்சம் கேரளப் பத்திரிகைகளில் பெரிதாக எழுந்தது. நவம்பரில் மத்திய நீர்வள ஆணையம் தலையிட்டு, நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்து அணையைப் பலப்படுத்தச் சொன்னது. 2011-ல் இடுக்கி மாவட்டத்தில் லேசான நில அதிர்வுகள் அடுத்தடுத்து வந்தன. அணைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த ஆண்டின் கடைசியில் குமுளியும் கம்பமும் கொதித்தன. 2018-ல் வெள்ளம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணுக்குள் போயின. அடுத்த சில நாட்களிலேயே, வயநாட்டுக்கு வெகுதெற்கே இருக்கும் முல்லைப் பெரியாறு மலையாளச் சமூக ஊடகங்களில் மறுபடியும் உடையத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் பேரழிவு வேறொரு இடத்தில் நிகழ்ந்திருக்கிறது, அல்லது நிகழாமல் நிலத்தை மட்டும் ஆட்டிவிட்டுப் போயிருக்கிறது. பயம் மிஞ்சியிருக்கிறது. அதைக் கொண்டுபோய் வைக்க 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய ஒரு பழைய அணை தயாராக இருந்தது.

இதைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வண்டிப்பெரியாற்றிலும் உப்புத்தரையிலும் ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் மழை பிடித்த இரவில் தூங்காமல் இருப்பது மூடநம்பிக்கை ஆகாது. அவர்களுக்கு மேலே நிற்பது நூற்று முப்பது வயதைத் தொடும் ஓர் அணை. அதன் பாதுகாப்பைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஐ.நா. பல்கலைக்கழகத்தின் நீர் ஆய்வு நிறுவனமே 2021 ஜனவரியில், உலகின் வயதான அணைகள் பற்றிய அறிக்கையில், முல்லைப் பெரியாற்றை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டது. மறுபக்கம், நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான குழு பல மாதங்கள் ஆராய்ந்து 2012-ல் அணை பாதுகாப்பானது என்றது. அதன்மேல் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. கேள்வி கேட்பது வேறு. ‘உண்மையை மறைக்கிறார்கள், மறைப்பவர்கள் இன்னார்’ என்று விடையோடு வருவது வேறு. இந்த இரண்டாவதைத்தான் இங்கே சதிக்கதை என்கிறேன்.

1979-ல் அச்சம் பரவ இணையம் தேவைப்படவில்லை. அப்படியானால் இணையம் எதைச் சேர்த்தது? வேகம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, அது உண்மையும்கூட. எம்ஐடியைச் சேர்ந்த சொரூஷ் வொசூகி, டெப் ராய், சினான் ஆரல் மூவரும் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளின் பயணத்தைத் தொடர்ந்து பார்த்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்ச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரை எட்ட மெய்க்குப் பொய்யைவிட ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகள்தான் காரணமோ என்று அவற்றை நீக்கிவிட்டுக் கணக்கிட்டார்கள். வித்தியாசம் அப்படியே நின்றது. பரப்பியவர்கள் மனிதர்கள். பொய் புதிதாக இருந்தது. வியப்பையும் அருவருப்பையும் கிளப்பியது. மெய்க்கு அந்த வசதி இல்லை. ‘அணை நேற்று இருந்தபடியே இன்றும் இருக்கிறது’ என்ற செய்தியை யார் யாருக்கு அனுப்புவார்கள்?

ஆனால் வேகத்தைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. அதைப் பார்க்க நென்மாராவிலிருந்து வடக்கே, அதே பாலக்காடு மாவட்டத்தின் இன்னொரு மலையோரத்துக்குப் போக வேண்டும்.

மண்ணார்க்காட்டுக்குப் பக்கத்தில், சைலண்ட் வேலி காட்டை ஒட்டி, திருவிழாம்குன்னு என்ற ஊர். 2020 மே மாதக் கடைசியில் அங்கே வெள்ளியாற்றில் ஒரு பெண் யானை, வாயும் தும்பிக்கையும் தண்ணீருக்குள் ஆழ்ந்திருக்க, அசையாமல் நின்றது. வனத்துறை சுரேந்திரன், நீலகண்டன் என்ற இரண்டு கும்கிகளை வரவழைத்தது. பலனில்லை. மே 27 அன்று யானை இறந்தது. பிரேதப் பரிசோதனையில், வாய்க்குள் ஏதோ வெடித்ததால் ஏற்பட்ட காயம் புரையோடியிருந்தது தெரிந்தது. ஏறத்தாழ இரண்டு வாரம் தின்னவும் குடிக்கவும் முடியாமல் தளர்ந்து, தண்ணீரில் சாய்ந்து, நுரையீரலில் நீர் புகுந்து இறந்திருக்கிறது. வயிற்றில் கரு இருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்தில் விவசாயம் செய்கிறவர்களுக்கு இதன் பின்னணி உடனே புரிந்திருக்கும். காட்டுப்பன்றிக்காக உணவுப்பொருளுக்குள் நாட்டுவெடியை வைக்கும் கொடூரமான, சட்டவிரோதமான வழக்கம் இந்த மலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. கோவைப் பக்கம் அதற்கு அவுட்டுக்காய் என்று பெயர், மலையாளத்தில் பன்னிப்படக்கம். கடித்த பன்றிக்குத் தாடை சிதறும். சில சமயம் மாட்டுக்கும் யானைக்கும் அதே கதி. பல யானைகள் இப்படிச் செத்திருக்கின்றன, செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரியாக.

இந்த முறை அது நாலு வரியில் முடியவில்லை. மீட்பில் கலந்துகொண்ட வன அலுவலர் மோகன் கிருஷ்ணன் ஃபேஸ்புக்கில் மலையாளத்தில் மனமுருக எழுதினார், ஆற்றில் நின்ற யானையின் படங்களோடு. அது துக்கம் நிறைந்த ஒரு மனிதனின் எழுத்து. அதில் யார் மேலும் வெறுப்பு இல்லை. அங்கிருந்து அது ஆங்கிலத்துக்குப் போயிற்று, ஆங்கிலத்திலிருந்து இந்திக்கும் தமிழுக்கும். போகும் வழியில் ஒவ்வொன்றாக மாறியது. எதற்கோ வைத்த பொறி, யானைக்கென்றே திட்டமிட்டு ஊட்டிய அன்னாசியாயிற்று. பாலக்காடு மாவட்டம், பக்கத்து மாவட்டமான மலப்புரம் ஆயிற்று. மலப்புரம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். அந்தப் பெயர் வந்ததும் கதைக்கு ஒரு சமூகம் குற்றவாளியாகக் கிடைத்தது. முன்னாள் மத்திய அமைச்சர் மேனகா காந்தி மலப்புரத்தையே குற்றங்களுக்குப் பேர்போன மாவட்டம் என்று சாடினார். அதற்காக அவர்மேல் மலப்புரம் போலீஸ் வழக்குப் பதிந்தது. பிறகு, கைதானவர்கள் என்று இரண்டு முஸ்லிம் பெயர்கள் சுற்றின. ஜூன் 5 அன்று போலீஸ் உண்மையில் கைது செய்தவர் ஒரு ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. இணையம் சொன்ன இரண்டு பெயர்களிலும் அவர் இல்லை. வெடி வைத்தது அன்னாசியில்கூட இல்லை, தேங்காயில் என்று விசாரணையில் தெரிந்தது. யானை தற்செயலாகத் தின்றிருக்கலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் சொல்லிவிட்டது. அதற்குள் கதை உலகத்தைச் சுற்றி முடித்திருந்தது.

கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இருவர் 1947-ல் வதந்தியின் உளவியல் பற்றி எழுதிய நூலில், வாய்வழிப் போகும் செய்திக்கு நேரும் மூன்று மாற்றங்களைக் குறித்தார்கள். விவரங்கள் உதிரும்; மிஞ்சிய விவரம் கூர்மையாகும்; கூர்மையான விவரம் கேட்பவரின் ஏற்கனவே உள்ள எண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். திருவிழாம்குன்னு யானைக்கு இந்த மூன்றும் சில நாட்களில் வரிசைப்படி நடந்தன. பன்றி உதிர்ந்தது. அன்னாசி கூர்மையாயிற்று. மலப்புரம் ஒட்டிக்கொண்டது.

இணையம் செய்த பெரிய காரியம் இங்கேதான் தெரிகிறது. ஒரு செய்தியை அதன் ஊரிலிருந்து அது பிடுங்கிவிடுகிறது. பழைய வதந்தி சந்தையிலும் டீக்கடையிலும் நடந்து போனது. மண்ணார்க்காட்டு டீக்கடையில் ஒருவர் ‘மலப்புரத்தில் யானையைக் கொன்றுவிட்டார்கள்’ என்று ஆரம்பித்திருந்தால், ‘மலப்புரமா, இங்கே நம்ம ஆற்றில்’ என்று இன்னொருவர் அங்கேயே திருத்தியிருப்பார். பன்னிப்படக்கம் என்றால் என்ன என்று தெரிந்த பத்துப் பேர் அந்தப் பெஞ்சிலேயே இருந்திருப்பார்கள். தெரிந்தவர்கள் நடுவே போகும்வரை வதந்திக்கு ஒரு கடிவாளம் இருந்தது. லக்னோவிலோ லண்டனிலோ அதைப் படிப்பவருக்குத் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை, கோபப்படத்தான் முடியும். உள்ளூர் அறிவு எட்டாத தூரத்துக்குப் போன பிறகுதான் கதை வளர்கிறது. வளர்ந்த கதை அதே ஊருக்குத் திரும்பி வந்து, ஊர்க்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

சதி என்ற எண்ணம் எங்கிருந்து முளைக்கிறது என்பதற்கும் அந்த யானை ஒரு பாடம். பெரிய விளைவுக்குப் பெரிய காரணம் இருந்தாக வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. ஆற்றிலேயே செத்துப்போன கர்ப்பிணி யானை என்ற தாங்கமுடியாத காட்சிக்கு ‘பன்றிக்கு வைத்தது’ என்ற காரணம் மிகச் சிறியதாக இருக்கிறது. துக்கத்தின் அளவுக்கு ஒரு தீமை வேண்டும், தீமைக்கு ஒரு முகம் வேண்டும். 2018 வெள்ளத்துக்கும் இதுதான் நடந்தது. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் வழக்கமாக 1,649.5 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய மழை 2,346.6 மில்லிமீட்டர் பெய்தது. இந்த எண்ணைச் சொன்னால் யாருக்கும் மனம் ஆறவில்லை. யாரோ வேண்டுமென்றே அணையைத் திறந்தார்கள் என்றால் ஆறுகிறது.

மனத்தின் இந்தப் பலவீனத்தை இணைய நிறுவனங்கள் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டன என்பதைக் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. 2021-ல் வெளிவந்த ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களின்படி, 2017-லிருந்து அந்த நிறுவனத்தின் வரிசைப்படுத்தும் கணக்கில் ஒரு கோபமுகக் குறிக்கு, சாதாரண விருப்பக்குறியைப்போல் ஐந்து மடங்கு மதிப்பு. ஒருவரைக் கோபப்பட வைக்கும் பதிவு இன்னும் பலர் திரையில் மேலே ஏறியது. பொய்ச் செய்திக்கே கோபமுகம் அதிகம் விழுகிறது என்று அங்கே வேலை செய்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். மதிப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பூஜ்யமாக்க 2020 வரை ஆயிற்று. யானை இறந்தது அந்த மே மாதத்தில்.

வாட்ஸ்அப்பின் வழி வேறு. அங்கே வரிசைப்படுத்தும் கணக்கு கிடையாது. முழுமறையாக்கம் இருப்பதால் உள்ளே என்ன போகிறது என்று நிறுவனத்துக்கே தெரியாது. அந்தரங்கத்துக்கு அது நல்லது. நான் அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘பார்வர்டு’ செய்யும்போது செய்தியின் பிறப்பிடம் அழிந்துபோகிறது. நென்மாராவில் பேசியது என்று தெரிந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஊர்ப்பெயர் போனதால்தான் பிரதமர் அலுவலகம் நின்றது. குரல்பதிவாக இருந்தது இன்னும் மோசம். எழுத்து என்றால் சில சொற்களைத் தேடுபொறியில் போட்டாவது பார்க்கலாம். குரலைத் தேட வழியில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரையும் அது எட்டும். நடுங்கும் குரல் கேட்பவரின் உடம்பிலும் நடுக்கத்தை ஏற்படுத்தும்.

இப்படிப் பரவும் வதந்திக்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எடுத்த ஒரு விழிப்புணர்வுப் படத்தின் முடிவை வெட்டிவிட்டு, குழந்தை கடத்தும் காட்சி என்று இந்தியா முழுக்க அனுப்பினார்கள். கடத்தல் கும்பல் வந்திருக்கிறது என்ற செய்திகள் தமிழ்நாட்டிலும் சுற்றின. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். நாடு முழுவதும் இப்படிப் பலர் செத்த பிறகு, அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒன்றுக்கு மேல் முடியாது என்றது. சின்ன மாற்றம்தான், விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்துக்கு ஏன் இத்தனை உயிர் போக வேண்டியிருந்தது?

மீண்டும் அணைக்கு வருவோம். எல்லைப் பகுதியில் இணையம் செய்யும் விசேஷமான கெடுதல் ஒன்று இங்கே தெரியும். மலையின் இரண்டு பக்கமும் ஒரே அணையைப் பற்றி, எதிரும் புதிருமாக இரண்டு சதிக்கதைகள் ஓடுகின்றன. மேற்கே, மலையாளத்தில்: அணை நொறுங்கிக்கொண்டிருக்கிறது, தமிழ்நாடு மறைக்கிறது, கேரளத் தலைவர்களைப் பணத்தால் வாயடைத்துவிட்டார்கள். கிழக்கே, தமிழில்: அணைக்கு ஒரு குறையும் இல்லை, நீர்ப்பிடிப்பை ஆக்கிரமித்துக் கட்டிய ரிசார்ட்டுகளைக் காப்பாற்றவும் இடுக்கி மின்நிலையத்துக்குத் தண்ணீர் சேர்க்கவும் கேரளம் நாடகம் ஆடுகிறது. இரண்டிலும் அப்பாவி மக்கள் ஒரு பக்கம், ரகசியக் கும்பல் ஒரு பக்கம். கம்பத்தில் ஒருவர் யூடியூபில் அணை என்று தேடினால் தமிழ்க் காணொளிகள் வரும். கட்டப்பனையில் தேடினால் மலையாளக் காணொளிகள். ஒன்றைப் பார்த்தால் அதேபோல் இன்னொன்றைப் பரிந்துரைக்கும். குமுளி மலைப்பாதையில் அரைமணி நேரப் பயணத்தில் கடந்துவிடக்கூடிய எல்லை, திரையில் கடக்க முடியாததாக ஆகிவிடுகிறது.

திரும்பத் திரும்பக் கேட்பது என்ன செய்யும் என்பதை 1977-லேயே லின் ஹாஷரும் உடன் ஆய்வாளர்களும் சோதித்துக் காட்டினார்கள். மெய்யோ பொய்யோ, இரண்டாம் மூன்றாம் முறை கேட்கும் வாக்கியம் முதல்முறை கேட்பதைவிட உண்மையாகத் தோன்றுகிறது. பின்னால் வந்த ஆய்வுகள், சரியான விடை தெரிந்தவர்களும் இதற்குத் தப்புவதில்லை என்று காட்டின. ஒரே கதையை இருபது காணொளிகள் சொல்லும்போது, மனம் இருபது சாட்சிகளாக எண்ணிக்கொள்கிறது.

சதிக்கதை ஓரளவு வேர்விட்டபின், அதற்கு எதிரான உண்மையும் அதற்கே உரமாகிவிடும். 2011 டிசம்பரில் கேரள அட்வகேட் ஜெனரல் கே.பி.தண்டபாணி, முல்லைப் பெரியாற்றுக்கு ஏதாவது நேர்ந்தால் அந்த நீரை இடுக்கி நீர்த்தேக்கம் தாங்கிக்கொள்ளும் என்ற பொருளில் கேரள உயர் நீதிமன்றத்தில் சொன்னார். கொள்ளளவைப் பார்த்தால் இடுக்கி பல மடங்கு பெரியது. கீழே பெரியாற்றங்கரையில் லட்சக்கணக்கானவர்களுக்கு ஆறுதல் தர வேண்டிய செய்தி. இரண்டு அணைகளுக்கும் நடுவில் வாழ்பவர்களுக்கு அது ஆறுதல் ஆகாது; அதைக் கேட்டிருந்தால் நியாயமான விவாதம் நடந்திருக்கும். நடந்ததோ வேறு. தமிழ்நாட்டுக்குச் சாதகமாகப் பேசிவிட்டார், பதவியை விட்டு நீக்குங்கள் என்று கேரளம் கொந்தளித்தது. 2021 அக்டோபரில், அணையை அகற்றக் கோரும் ஹேஷ்டேக்கை நடிகர் பிருத்விராஜ் உட்படப் பலர் பகிர்ந்தபோது, ஆதாரமில்லாத பீதியைக் கிளப்புகிறார்கள் என்று முதல்வர் பினராயி விஜயன் சட்டமன்றத்தில் சொன்னார். மறுப்பவரையும் சதியில் சேர்த்துவிட்டால் மறுப்பு தீர்ந்துபோகும். தேனி மாவட்டத்தில் அந்த நடிகரின் உருவபொம்மையை எரித்தார்கள். அந்தப் படம் மலையாளத் திரைகளில் அடுத்த சுற்றுக்குச் சான்றாயிற்று.

எல்லாவற்றையும் வதந்தி என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஒரு சம்பவத்தை நினைவுபடுத்த வேண்டும். 2022 செப்டம்பர் 21 அதிகாலை, பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும், தமிழ்நாடு பராமரிக்கும் பரம்பிக்குளம் அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது பிய்த்துக்கொண்டு போயிற்று. விநாடிக்குச் சுமார் 20,000 கனஅடி நீர் சாலக்குடி ஆற்றுக்குள் பாய்ந்தது. அதிகாரிகள் விடியும் முன்பே கீழே இருந்தவர்களை எச்சரித்தார்கள், ஆற்றில் இறங்க வேண்டாம் என்றார்கள், எத்தனை மணிக்கு எங்கே நீர் வரும் என்று சொன்னார்கள். எது உடைந்தது, எவ்வளவு வெளியேறுகிறது என்ற எண்கள் காலைச் செய்தியிலேயே இருந்தன. உண்மையான விபத்து நடந்தும், முல்லைப் பெரியாறு அளவுக்குச் சதிக்கதை அதைச் சுற்றி வளரவில்லை. எண்ணும் இடமும் நேரமும் கைக்குக் கிடைத்தவர்களுக்குக் கதை தேவைப்படவில்லை என்று நான் நினைக்கிறேன். அணையில் தவறே நடக்காது என்று சாதிப்பதைவிட, நடந்த தவறை உடனே சொல்வது அதிகம் பயன் தருகிறது.

மருந்து பற்றிய ஆராய்ச்சிகள் நம்பிக்கையும் சோர்வும் கலந்தவை. மனிதர்கள் பொய்யைப் பகிர்வதெல்லாம் அதை நம்பி அல்ல; பகிரும் கணத்தில் உண்மையா என்ற நினைப்பே எழுவதில்லை என்று கார்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் குழுவினர் 2021-ல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். தொடர்பில்லாத ஒரு தலைப்பைக் கொடுத்து ‘இது சரியா’ என்று ஒருமுறை கேட்டுவிட்டாலே, அடுத்துப் பகிர்வதன் தரம் கூடியது. ஆனால் சுமித்ரா பத்ரிநாதன் பீகாரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வீடு தேடிப்போய் ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, பொய்யைக் கண்டுபிடிக்கும் திறன் பொதுவாகக் கூடவில்லை. பள்ளி மாணவர்களிடம் பல வாரம் தொடர்ந்து நடத்திய பிற்காலத் திட்டம் பலன் தந்தது. கேரளத்திலேயே, கண்ணூர் மாவட்ட ஆட்சியராக இருந்த மிர் முகமது அலி 2018-ல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளைத் தொடங்கினார். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் எல்லையின் இந்தப் பக்கம் தேனியிலும் கோவையிலும் அப்படியொரு வகுப்பு, இரண்டு மொழிச் செய்திகளையும் அருகருகே வைத்து நடந்தால் என்ன என்று தோன்றுகிறது.

ஏனென்றால் இந்த எல்லையிடம் வேறெங்கும் இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. சமூக வலைப்பின்னல்களைப் பற்றி மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய கட்டுரையின் சாரம், புதிய தகவல் நெருங்கிய கூட்டத்துக்குள்ளிருந்து வருவதில்லை, இரண்டு கூட்டங்களை இணைக்கும் மெல்லிய இழைகள் வழியே வருகிறது என்பது. சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையில், அட்டப்பாடியில், பீர்மேட்டில், தேவிகுளத்தில், வண்டிப்பெரியாற்றுத் தேயிலை லயங்களில் இருப்பவர்கள் பலர் தமிழும் மலையாளமும் ஒன்றுபோல் பேசுகிறார்கள். காலையில் தேனி மாவட்டக் கூடலூரிலிருந்து ஜீப்பில் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பும் பெண்கள், இரண்டு கதைகளையும் ஒரே நாளில் கேட்கிறார்கள். 2011-ல் கலவரம் வந்தபோது முதலில் கூலி இழந்ததும், அடி வாங்கியதும், பயந்து கால்நடையாக மலையிறங்கியதும் இவர்களே. ஆனால் நிபுணர் குழுக்களும் அரசுகளும் இவர்களைச் செய்தியின் கடைசிப் பெறுநர்களாகக்கூட எண்ணியதில்லை.

முல்லைப் பெரியாறு அணையின் முழுப் பாதுகாப்பு ஆய்வை 12 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் அதன் மேற்பார்வைக் குழு முடிவு செய்தது. இப்போது அந்தக் குழு தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவர் பொறுப்பில் இருக்கிறது. அந்த ஆய்வின் முடிவு எதுவாக இருந்தாலும், அது நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கையாக முதலில் வந்து, அதிலிருந்து ஒரு வரியைத் திருவனந்தபுரமும் இன்னொரு வரியைச் சென்னையும் பிய்த்து எடுத்துக்கொண்டால், இரண்டு கதைகளும் இன்னும் பத்து ஆண்டுக்கு உயிர் வாழும். கசிவுநீர் எவ்வளவு, எந்த நீர்மட்டத்தில் அளந்தது, நிலநடுக்கத்துக்கு எந்த அளவு வரை கணக்கிட்டார்கள், எதைச் சரிசெய்ய வேண்டும், எப்போதைக்குள் என்பதை ஒரே நாளில், ஒரே வாசகமாக, தமிழிலும் மலையாளத்திலும், குமுளியிலும் வண்டிப்பெரியாற்றிலும் உப்புத்தரையிலும் கூட்டம் போட்டு, பொறியாளர்களே மக்கள் முன்னால் நின்று படித்துக் காட்ட வேண்டும். கேள்வி கேட்க இடம் விட வேண்டும். கேள்வி எந்த மொழியில் வந்தாலும் அதை மொழிபெயர்த்துச் சொல்ல அந்தக் கூட்டத்திலேயே ஆட்கள் இருப்பார்கள்.